நஸீர் நானாவின் மாடிப்படி

புஷ்பம் அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டு மாடிக்குப் போனார்.

நடந்து போகவில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் அவரை இருத்தி, ஹாட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்குகிறவர்கள் மூலைக்கு ஒருவராகப் பிடித்துத் தூக்கினார்கள். அக்காவின் மடியில் வேதாகமம், அதன் மேல் கைப்பை, அதன் மேல் இரண்டு கைகள். கடைக்காரர் நஸீர் நானா கீழே நின்று "மெதுவா, மெதுவா, சுவரில முட்டாம" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கியவர்களில் ஒருவர் சிங்களவர். "பய வென்ன எப்பா அம்மே" என்றார். பயப்பட வேண்டாமாம்.

அக்கா கண்ணைத் திறக்கவேயில்லை. பின்னால் படியேறிக்கொண்டிருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எல்லோர் மனதிலும் ஓடியது ஒன்றுதான். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

புஷ்பம் அக்காவின் தங்கை கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். தற்கொலைக் குண்டுகள் வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறு காலை கொச்சிக்கடைக் கோயிலுக்குப் பூசைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வராது. கொழும்பில் இருக்கிறவர்களுக்கு எழுதிச் சொல்லத் தேவையும் இல்லை.

அப்படிப்பட்ட புஷ்பம் அக்காவை, முஸ்லிம் ஒருவருடைய கட்டடத்தின் படியில், அவருடைய ஆட்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அக்கா கண்ணை மூடியிருக்கிறார். பாவம், அவர் மனம் என்ன பாடுபடுகிறதோ என்று நாங்கள் உருகினோம். அந்த உருக்கத்தைப் பத்திரமாக வைத்திருந்து பிறகு என்ன செய்தோம் என்பதுதான் இந்தக் கிழமைக் கதை.

சென்ற கிழமை நான் எழுதிய ரயில் சண்டையைப் படித்துவிட்டு, "உங்களுக்கு வெட்கம் என்பதே கிடையாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இருக்கிறது அம்மா. இதோ வருகிறது.

பிரசங்க மேடையில் வாளி

எங்கள் தேவாலயம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில் இருக்கிறது. ரயில் போகும்போது பிரசங்கம் நிற்கும். ரயில் போய் முடிந்ததும் போதகர் விட்ட இடத்தைத் தேடுவார். சில ஞாயிறுகளில் அவருக்கு அது கிடைக்காது. எங்களுக்கும் வீட்டுக்குப் போக வசதி.

கடற்காற்று இரும்பைச் சும்மா விடுமா? கூரைக் கம்பிகள் கறள் பிடித்து, மழைக்காலத்தில் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நீல வாளி ஒன்று நிரந்தரமாகக் குடியிருந்தது. ஜெபம் செய்யும்போது கண்ணை மூடினால் அந்த வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டுமே கேட்கும். நானும் எத்தனையோ ஜெபங்களை அந்தச் சொட்டை எண்ணியே கழித்திருக்கிறேன்.

கடைசியில் திருத்த முடிவு செய்தார்கள். வெறும் கூரை மட்டும் அல்ல. நீள மர வாங்குகளை எடுத்துவிட்டுக் கதிரைகள் போடுவது, பக்கத்தில் மண்டபம் கட்டுவது, முற்றத்துக்குக் கல் பதிப்பது. ஞாயிறு ஒரு காலை மட்டும் திறந்து மற்ற நாள் எல்லாம் பூட்டிக் கிடக்கிற இடமாக இருக்கக் கூடாது, வருங்காலத்தில் இந்த ஒழுங்கை முழுவதற்கும் பயன்பட வேண்டும் என்று போதகர் சொன்னார். இளம் மனிதர். சொல்லும்போது கண் கலங்கினார். நானும் கலங்கினேன். பிறகு எங்கள் வாங்கை எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் கண்ணீர் காய்ந்துவிட்டது.

கூரையில் சுழலும் காற்றாடிக்கு நேர் கீழே இருந்த வாங்கு அது. கலியாணம் முடித்து வந்த நாள் முதல் அதில்தான் இருந்தேன். யாராவது விருந்தாளி தெரியாமல் அதில் இருந்துவிட்டால், நான் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமுவேன். தேவனுடைய வீட்டில் காற்றாடிக்குச் சண்டை பிடித்தவள் நான். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

மதில் வேறு இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல், உச்சியில் உடைந்த போத்தல் துண்டுகள் குத்தி வைத்த மதில். எந்தக் கலவர காலத்தில் யாருக்குப் பயந்து குத்தினார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொரு ஆண்டு சொல்வார்கள். அதை இடுப்பளவுக்கு இறக்கினார்கள். இடித்த அன்று பக்கத்து வீட்டு முற்றத்தில் காய்கிற உடுப்பு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அது நஸீர் நானா வீட்டு முற்றம்.

பிராந்தி போடாத கேக்

நஸீர் நானாவுக்கு முன்னால் ஹாட்வெயார் கடை, பின்னால் இரண்டு அறை வீடு, மேலே பெரிய மாடி. மாடியை வார நாட்களில் டியூஷன் வகுப்புகளுக்கு விடுவார். மனைவி பௌசியா, ஒரே மகள் ஷிஃபா. நாங்கள் இருப்பது எதிர்ப்பக்கத்து மாடி வீடு. நோன்பு காலத்தில் அங்கேயிருந்து கஞ்சி வரும். நத்தார்ப் பண்டிகைக்கு இங்கேயிருந்து கேக் போகும். அதற்கென்று பிராந்தி போடாத கேக் ஒன்று தனியாகச் செய்வேன், தனித் தட்டில், தனிக் கரண்டியால். ஒரு வருடம் மாறிப் போய், பிராந்திக் கேக்கை அனுப்பிவிட்டு, ஓடிப்போய் வாசலிலேயே திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். பௌசியா விழுந்து விழுந்து சிரித்தார். அப்போது அவருக்கு நடக்க முடிந்தது.

பிறகு ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். பாரிசவாதம். இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, நடை வரவில்லை. வாகனத்தில் ஏற்றினால் காலி வீதிக்குப் போவதற்குள்ளேயே தலை சுற்றி வாந்தி எடுத்துவிடுவார். சக்கர நாற்காலியில் ஒழுங்கை முனை வரைக்கும்தான் அவருடைய உலகம்.

திருத்தவேலை தொடங்கியதும் ஆராதனையை எங்கே வைப்பது என்று அலைந்தோம். பாடசாலை மண்டபங்கள் கிடைக்கவில்லை. இவர், அதாவது எங்கள் வீட்டுக்காரர், திருத்தவேலைக் குழுவில் கட்டடப் பொறுப்பு. தண்ணீர்க் குழாய்க்கு வாஷர் வாங்கப் போன இடத்தில் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார்.

"மேல ஞாயித்துக்கிழம சும்மாதானே ஈக்குது. வந்து கும்புடுங்கோ" என்றாராம் நஸீர் நானா. வாஷரை விற்ற அதே குரலில்.

வாடகைக் கதையை எடுக்கவே விடவில்லை. ஞாயிறு காலையில் அவருடைய ஆட்களே மாடியைக் கூட்டி, கதிரைகளை வரிசையாகப் போட்டு வைத்திருப்பார்கள். படி செங்குத்து, நடுவில் ஒரு திருப்பம் வேறு. எங்கள் சபையில் பாதிப் பேர் முழங்கால் நோக்காடுகாரர்கள். அவர்களை எல்லாம் கதிரையில் வைத்துத் தூக்க வேண்டும் என்ற யோசனையும் அவருடையதுதான். கட்டடம் முடியும் மட்டும் ஞாயிறு தவறாமல் தூக்கினார்கள். இறக்கினார்கள். அவருக்கே நெஞ்சு ஒப்பரேஷன், பாரம் தூக்கக் கூடாது. கீழே நின்று "மெதுவா, மெதுவா" சொல்வார்.

அந்தப் படியைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. எங்கள் வரைபடத்தில் புது மண்டபத்துக்கும் வாசலில் படிதான் இருந்தது. அதை மாற்றி, கைப்பிடி வைத்த சாய்வுப் பாதை ஒன்று கட்டினோம். ராம்ப், ராம்ப் என்று எல்லோரும் அதைப் பற்றியே பேசினோம். போதகர் வந்தவர்களுக்கு எல்லாம் முதலில் அதைத்தான் காட்டுவார்.

திறப்பு விழாவில் நஸீர் நானாவை முன் வரிசையில் இருத்திப் பொன்னாடை போர்த்தினோம். "இந்தக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும்" என்று மேடையில் சொன்னார்கள். நாங்கள் கை தட்டினோம். அவரும் தட்டினார்.

கை தூக்கிய இடம்

கொஞ்ச நாள் போனது. ஷிஃபாவுக்குக் கலியாணம் சரிவந்தது. நஸீர் நானா கடையில் வைத்து இவரிடம் கேட்டார். நிக்காஹ்வை உங்கள் புது மண்டபத்தில் வைக்கலாமா என்று. வேலை நாள், பின்னேரம். ஆராதனைக்கு இடைஞ்சல் இல்லை. சாப்பாடு எல்லாம் பிறகு தன்னுடைய முற்றத்தில்.

காரணமும் சொன்னார். மாடியில் வைத்தால் பௌசியா ஏற முடியாது. எங்கள் ஆட்களைத் தூக்கியதுபோல அவரைத் தூக்கக் கடையில் ஆட்கள் உண்டு. ஆனால் வேற்று ஆண்கள் கை வைத்துத் தூக்க அவர் சம்மதிக்க மாட்டார். தூக்கக் கூடிய சொந்தத் தம்பி ஒருவர்தான், அவரும் கட்டாரில், லீவு இல்லை. தெஹிவளையில் மண்டபம் எடுத்தால் வாகனத்தில் கொண்டுபோக முடியாது. உங்கள் மண்டபம் என்றால் இடுப்பளவு மதிலுக்கு அந்தப் பக்கம், ராம்பில் தள்ளிக்கொண்டு போய்விடலாம். எங்களைப்போல அவர்களிலும் தாலி உண்டு; மகளுக்கு அதைக் கட்டுவதைத் தாய் பார்ப்பாள்.

குழு கூடியது. மண்டபத்தில் இன்னும் பெயின்ட் வாசம் இருந்தது. பெண்கள் சங்கத்தின் சார்பில் நானும் குழுவில் இருந்தேன். கேட்கவே தேவையில்லாத கேள்வி என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

தலைவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர். நல்ல மனிதர், கெட்டவர் என்று எழுதினால் என் வேலை சுலபம். "கலியாணச் சாப்பாடோ பிறந்தநாளோ எண்டால் பரவாயில்லை. இது சமயக் காரியம். ஒருக்காத் திறந்தால் பிறகு மூடேலாது" என்றார்.

"மூடுறதுக்கோ கட்டினது?" என்று நான் கேட்டேன்.

"மிஸ், கோவிக்காதேங்கோ. நாளைக்கு வேற ஆக்களும் வந்து கேப்பினம்." ஒழுங்கையில் எல்லோருக்கும் நான் "மிஸ்"தான்.

"கேக்கட்டும். அவையள் எங்களைத் தூக்கிச் சுமக்கேக்கை நாங்கள் என்ன சமயம் எண்டு கேட்டவையோ?"

ஒன்றிரண்டு பேர் தலையாட்டினார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இன்னும் நாலு வார்த்தை பேசியிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அப்போது தலைவர் குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தனிப்பட ஒண்டும் இல்லை. புஷ்பம் அக்காவை நினைச்சுப் பாருங்கோ. அந்தக் கதிரையில அவா கண்ணை மூடிக்கொண்டு போனதை நீங்களும் பாத்தனீங்கள்தானே. அவா வந்து ஜெபம் பண்ணுற வளவுக்குள்ள இதை எப்பிடி வைக்கிறது?" என்றார்.

கடற்கரைப் பக்கம் ஒரு ரயில் போனது. போய் முடிந்த பிறகும் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. புஷ்பம் அக்காவின் பெயரைச் சொன்ன பிறகு வாய் திறந்தால் நெஞ்சில் ஈரமில்லாதவள் ஆகிவிடுவேனே என்று பயந்தேன்.

பிற சமயச் சடங்குகளுக்கு மண்டபம் கொடுப்பதில்லை என்று தீர்மானம். கைகள் உயர்ந்தன. எனக்குப் பக்கத்தில் இருந்த கையும் உயர்ந்தது. மூட்டு வலிக்கு நான் தினமும் எண்ணெய் தேய்த்துவிடுகிற கை.

வீடு வரும் மட்டும் பொறுத்திருந்தேன். செருப்பைக் கழற்ற விடவில்லை.

"ஏனப்பா கை தூக்கினனீங்கள்?"

"புஷ்பம் அக்காவுக்காகத்தான்."

"அவவைக் கேட்டனீங்களோ?"

"இஞ்சேரும், இதைப் போய் எப்பிடிக் கேக்கிறது? புண்ணிலை கை வைக்கிற மாதிரி."

"நஸீர் நானாவின்ர முகத்தை எப்பிடிப் பாக்கப் போறீங்கள்? நாளைக்கும் வாஷர் வாங்க வேணும்தானே?"

இவர் உள்ளே போனார். வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து சும்மா இருந்தார். அன்று முதல் தேநீர்க் கோப்பையை மேசையில் கொஞ்சம் ஓசையாகவே வைத்தேன். அவ்வளவுதான் என் வீரம். புஷ்பம் அக்கா அடுத்த ஒழுங்கையில்தான் இருக்கிறார். போய்க் கேட்க எனக்கும் கால் எழவில்லை.

ஏறிப் பார்த்தார்களாம்

முடிவை நஸீர் நானாவிடம் யார் சொல்வது? தலைவருக்குக் கூச்சம். போதகர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போய்விட்டார். இவர் கடை வாசல் பக்கமே போவதில்லை, குழாய் மறுபடி ஒழுகத் தொடங்கியிருந்தது, வாளி வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். "நீங்கள்தானே அவையோட நல்ல பழக்கம்" என்று என் தலையில் கட்டினார்கள்.

போனேன். கடையில் நஸீர் நானா கம்பி அளந்துகொண்டிருந்தார். "உள்ள போங்கோ மிஸ், பௌசியா உங்களத்தான் கேட்டுக்கொண்டு ஈந்தா" என்றார். உள்ளே போகாமல் அங்கேயே சொல்லிவிட்டு ஓடியிருக்க வேண்டும்.

பௌசியா மடியில் சேலை விரித்து வைத்திருந்தார். இளம் பச்சை, ஓரத்தில் வெள்ளிக் கரை. நிக்காஹ்வுக்குத் தான் உடுக்கப் போகிற சேலை. ஒரு கையால் அதைத் தடவித் தடவிக் காட்டினார். "வயசுக்குக் கூடிப்போச்சா மிஸ்?" என்று கேட்டார். இல்லை, நல்ல வடிவு என்றேன்.

"ஒரு விஷயம் சொல்லணும், சிரிக்க வாணாம்" என்றார். "உங்கட ராம்ப்ல நாங்க ஏறிப் பாத்தம். ஒரு பின்னேரம், ஆக்கள் இல்லாத நேரம். ஷிஃபா தள்ளினா. ஒரு கரச்சலும் இல்ல மிஸ், சும்மா பூப்போல ஏறுது. மேல போய்க் கொஞ்ச நேரம் கதவடில நிண்டுட்டு வந்தம்."

"அப்பிடியா" என்றேன். தேநீரைக் குடித்தேன். சேலைக்கு எந்த நிறச் சட்டை பொருந்தும் என்று பேசினேன். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எல்லாவற்றையும் பேசிவிட்டு எழுந்தேன்.

கடை வாசலில் நஸீர் நானா கூடவே இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"நானா, வந்து..." என்றேன்.

"மிஸ், நீங்க சொல்ல வாணாம்" என்றார். "உங்கட ஆக்களுக்கும் எவ்வளவோ யோசன ஈக்கும். எனக்கு விளங்குது. மேல மாடி ஈக்குதுதானே. அதுலயே செய்யலாம். உங்கட சேருக்கும் சொல்லுங்கோ, ஒண்டும் யோசிக்க வாணாம் எண்டு."

"பௌசியா?"

அவர் காலி வீதிப் பக்கம் பார்த்தார். "நான் மெதுவாச் சொல்லிக்கொள்ளுறன்."

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் என் நியாயத்தைச் சொல்லி, குழுவைக் குறை சொல்லி, இலேசாக வீட்டுக்கு வந்திருப்பேன். அந்த மனிதர் எனக்கு ஒரு வழியும் வைக்கவில்லை. ஒழுங்கையைக் கடந்து வீட்டுக்குப் போகக் கூசியது. அப்படியே நடந்து அடுத்த ஒழுங்கைக்குப் போனேன்.

தங்கச்சியை ஏன் கூட்டிக்கொண்டு வந்தியள்?

புஷ்பம் அக்கா கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு போனது வரைக்கும் ஒன்று விடாமல். அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் கண்ணை மூடினது விழுந்திடுவன் எண்டு பயத்திலை" என்றார். "நாலு பேர் அந்தரத்திலை தூக்கினால் நீ திறந்துகொண்டு இருப்பியோ?"

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தார்.

"செத்தது என்ர தங்கச்சி. உங்கட கூட்டத்துக்கு அவளை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? உங்களுக்குக் குடுக்க மனமில்லை எண்டால் உங்கட வாயாலை சொல்ல வேண்டியதுதானே?"

"அக்கா..."

"எனக்குப் பயமே வரேல்லை எண்டு பொய் சொல்ல மாட்டன். அந்த வருசம் முழுக்க ஒழுங்கையிலை ஒரு தொப்பியைக் கண்டால் நெஞ்சு அடிக்கும். ஆனால் செத்த வீட்டுக்குப் பிறகு உந்த வாசலிலை வந்து, உள்ளுக்கு வரலாமோ எண்டும் தெரியாமல் நிண்டு அழுதது ஆர் தெரியுமோ? பௌசியா. நான்தான் கையைப் பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான். அது உங்களுக்கு ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டிருந்தால்தானே தெரியும்."

பிறகு கத்தியை எடுத்துக் காயை அரியத் தொடங்கினார். எனக்குத் தேநீர் தரவில்லை. அக்கா வீட்டில் எனக்குத் தேநீர் கிடைக்காத ஒரே நாள் அதுதான்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் புது முற்றத்தில் நின்ற நேரம், அக்கா தலைவரையும் இவரையும் கூப்பிட்டு நாலு பேர் கேட்க அதையே சொன்னார். என்னைவிடக் குறைவான சொற்களில் சொன்னார். இவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அன்று பின்னேரமே இவர் நஸீர் நானாவிடம் போனார். மண்டபம் உங்களுக்குத்தான், குழுவும் சரி சொல்லிவிட்டது, என்று சொல்லியிருக்கிறார்.

"சந்தோஷம் சேர்" என்றாராம் நஸீர் நானா. "கலியாணக் காட் அடிச்சாச்சு, மாடி எண்டு போட்டாச்சு. மாப்பிள வீட்டுக்கும் சொல்லியாச்சு. இனி மாத்தினா, ஏன் முந்தி இல்லாம ஈந்தது எண்டு கேப்பாங்க. உங்களுக்கு மரியாதயா ஈக்காது."

எங்கள் மரியாதையையும் அவரே பார்த்துக்கொண்டார். இவர் அன்று இரவு சாப்பிடவில்லை. நான் கோப்பையை ஓசையாக வைப்பதை நிறுத்தினேன்.

மாடிப்படி

பௌசியா கீழேயே இருப்பதாக முடிவு. மாடியில் மைக் போட்டால் கீழே அறையில் கேட்கும், கேட்டாலே போதும் என்று சொன்னாராம். இதைக் கேள்விப்பட்டதும் புஷ்பம் அக்கா எங்களுக்குத் தொலைபேசி எடுத்துச் சீறினார். "ஆம்பிளையள் தொடக் கூடாது எண்டால் நீங்கள் பொம்பிளையள் என்னத்துக்கு இருக்கிறியள்? பாட்டுப் படிக்கவோ?"

ஆகவே பெண்கள் சங்கம் போனது. பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு நாங்கள் சில பேர். புஷ்பம் அக்காவைக் கடை ஆட்கள் வழக்கம்போலத் தூக்கிக்கொண்டு முதலில் மேலே போய்விட்டார்கள். இம்முறை கண்ணைத் திறந்துகொண்டு போனார் என்றுதான் நினைக்கிறேன், நான் பார்க்கவில்லை. ஆண்கள் எல்லோரும் மாடியின் முன்பக்கம் போய் இருந்த பிறகு, பௌசியாவை அதே வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைக்கு மாற்றினோம். பச்சைச் சேலை, அத்தர் மணம். ஆளில் பாரமே இல்லை.

"பின்பக்கத்தைத் தாழ்த்திப் பிடியுங்கோ! முன்னுக்குச் சரிஞ்சால்தான் பயம்!" மேலேயிருந்து அக்காவின் குரல்.

இவர் கீழே நின்றார். கதிரையில் கை வைக்க முடியாது, சும்மா நிற்கவும் முடியாது. கடைசியில் வெறுமையாய்க் கிடந்த சக்கர நாற்காலியை மடித்துத் தூக்கிக்கொண்டு, நன்றாகப் பின்தங்கி, எங்கள் பின்னால் ஏறி வந்தார்.

படி நாங்கள் நினைத்ததைவிடச் செங்குத்து. ஞாயிறு தவறாமல் இதில் எங்களைச் சுமந்தார்கள் என்பது அப்போதுதான் என் தோளுக்குத் தெரிந்தது. திருப்பத்துக்கு வந்ததும் மூச்சு வாங்கக் கதிரையை இறக்கி வைத்தோம். அந்த இடத்தில் கம்பி போட்ட யன்னல் ஒன்று இருக்கிறது.

பௌசியா ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்தார். "உங்க எல்லாருக்கும் பெரிய கரச்சல் குடுத்துட்டன் மிஸ். மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றார்.

பின்னால் இவர் ஏறி வந்த காலடி ஓசை நின்றுவிட்டது. கேட்டிருக்கிறார்.

பௌசியா யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். இடுப்பளவு மதிலுக்கு அப்பால் எங்கள் புது முற்றம் முழுவதும் தெரிந்தது. கதவு பூட்டியிருந்தது. வெள்ளைக் கைப்பிடிகளோடு சாய்வுப் பாதை பின்னேர வெயிலில் சும்மா கிடந்தது.

"மாஷா அல்லாஹ்" என்றார் பௌசியா. "எவ்வளவு வடிவாக் கட்டியிருக்கீங்க."

கிண்டல் இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கிண்டல் தெரியாது. மனதாரச் சொன்னார்.

"என்ன நிண்டிட்டியள்? தாலி கட்டப் போகினம், கெதியா வாங்கோ!" என்று அக்கா மேலேயிருந்து கத்தினார்.

"ஓம் பௌசியா" என்றேன். வேறு என்ன சொல்ல? குனிந்து கதிரையின் காலைப் பிடித்தேன்.